முத்திரையில் பூசிய மஞ்சள்

அந்தப் பெயரைக் கண்டதும் சிற்றம்பலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சால்வை நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். கண்ணாடியில் ஒரு குறையும் இருக்கவில்லை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று கொடுத்த விஞ்ஞானப் பட்டப் பத்திரம் அது. கனத்த தாளில், கறுத்த மையில், ஆங்கிலத்தில் சரித்து எழுதியிருந்தது: அருந்ததி தவராசா.

பெயருக்குரியவள் விறாந்தையில் கிடந்த மர வாங்கில் இருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பிடிவாதமான நாடி. அவளைக் கொண்டுவந்த கார் படலைக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றது. ஆனி மாதத்துச் சோழகக் காற்று வயல் வரம்புப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து காரின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

கிளிநொச்சிக் குடியேற்றத்தில் சிற்றம்பலத்தைத் தெரியாதவர்கள் இல்லை. இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் வயல் ஒன்று, ஒரு சோடி எருது, படலையில் 'சமாதான நீதவான்' என்ற பலகை. பிறப்புப் பத்திரத்தின் பிரதிக்கு, காணிச் சண்டையின் சத்தியக் கடதாசிக்கு, வேலைக்கு மனுப்போடும் பெடியன்களின் சான்றிதழ்களுக்குக் கையெழுத்து வாங்கச் சனம் அவரிடம் வரும். மூலத்தைக் கண்ணால் காணாமல் பிரதியில் அவர் பேனையை வைக்கமாட்டார். அந்தக் கண்டிப்பைப் பற்றிச் சந்தைக்குள் பகிடிகள் இருந்தன. சிற்றம்பலத்தார் தன் பெண்சாதியையே பிறப்புப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தாலி கட்டினவர் என்பது அதில் ஒன்று.

அருந்ததி வந்த காரியத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். நெற்பயிரின் இலைநோய்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்க இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளை எடுப்பதாக எழுதியிருந்தது. கப்பற் செலவும் படிப்புச் செலவும் அவர்களுடையது. ஒரேயொரு நிபந்தனை. வெளிநாட்டுப் பட்டம் என்றபடியால் அதன் பிரதியை ஒரு சமாதான நீதவான் மூலத்தோடு ஒப்பிட்டு, முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன, எதுவும் மாற்றப்படவில்லை என்று தன் கைப்பட எழுதி ஒப்பமிட வேண்டும். அது யூலை முடியுமுன் அங்கே போய்ச் சேரவேண்டும். அதைக் கொண்டுதான் அவர்கள் இந்தியாவுக்கு எழுதிச் சரிபார்ப்பார்கள். தவறினால் இடம் இன்னொருவருக்கு.

"ஆர் பிள்ளை உம்மை என்னட்டை அனுப்பினது?"

"அப்பாதான் ஐயா. கிளிநொச்சியிலை எத்தினை பேர் இருந்தாலும் நீங்கள்தான் ஒழுங்காப் பாப்பியளாம்."

சிற்றம்பலம் பத்திரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். அப்போதுதான் அவருக்கு அது தெரிந்தது. நான்கு மூலைகளிலும் மஞ்சள். அது பெரிய விசயமில்லை. கலியாணச் சீட்டென்றாலும் சாதகமென்றாலும் பிள்ளையின் முதற் கொப்பியென்றாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் சனம் கையில் எடுப்பதில்லை. ஆனால் அடியில், பல்கலைக்கழகத்தின் முத்திரை இருந்த இடத்தில், மூன்று விரல் அகல வட்டத்துக்கு மஞ்சள் அப்பியிருந்தது. மையில் குத்திய முத்திரை அல்ல அது. தாளை அழுத்திப் புடைக்கவைத்தது. குழைத்த மஞ்சள் அதன் பள்ளங்களுக்குள் இறங்கிக் காய்ந்து, மேடும் பள்ளமும் ஒன்றாகியிருந்தன. பக்கத்தில் இருந்த கையெழுத்தின் வாற்பகுதியும் அதற்குள் போய்விட்டது.

அவள் வெட்கப்பட்டுக்கொண்டு விளக்கினாள். பங்குனியில் பட்டத்தோடு திரும்பி வந்தவளைத் தகப்பன் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குக் கூட்டிப் போனார். பட்டத்தையும் கொண்டுபோய்க் கண்ணகை அம்மன் சந்நிதியில் காட்டிக் கும்பிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அங்கே வாங்கிய மஞ்சளைத் தகப்பன் தன் கையாலேயே குழைத்தார். மூலைகளில் வைத்தது காணாதென்று, நெற்றியில் பொட்டு வைக்கிற மாதிரி, முத்திரையிலும் நன்றாக அப்பிவிட்டார்.

"கழுவப் பயமாயிருக்கு ஐயா. தாள் கரைஞ்சு போகும்."

"தண்ணி படக்கூடாது. சுரண்டவும் கூடாது. மாத்தினதாப் போகும்." சிற்றம்பலம் பத்திரத்தை மடிக்காமல் உறைக்குள் வைத்தார். "இது இஞ்சை கிடக்கட்டும் பிள்ளை. நான் ஆறுதலாப் பாக்கவேணும்."

"எத்தினை நாள் செல்லும் ஐயா?"

"அறிவிப்பம்."

அந்தச் சொல் வாயை விட்டுப் போன பிறகு நாக்கில் ஒரு இனிப்பு நின்றது. பதினாறு வருசமாக அவர் நெஞ்சுக்குள் கிடந்த சொல் அது. அவருடைய சொல் அல்ல. தவராசாவின் சொல்.

நாற்பத்தாறாம் ஆண்டு சிற்றம்பலம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர். இந்தியாவில் படித்து பி.ஏ. பட்டம் வாங்கி வந்தவர் அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். தலைமை ஆசிரியர் வேலையிலிருந்து இளைப்பாறியபோது அடுத்தது சிற்றம்பலம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தின் மனேச்சர் தவராசாவுக்கு வேறு எண்ணம் இருந்தது. அவருடைய மனைவியின் தம்பி ஒருவன் வேலையில்லாமல் நின்றான்.

தவராசா சத்தம் போடவில்லை. சண்டை பிடிக்கவில்லை. பட்டப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தபோது, இந்தியப் பட்டந்தானே, எழுதிக் கேட்டுச் சரிபார்க்கவேண்டும் என்று மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். சிற்றம்பலம் அவருடைய விறாந்தை வாங்கில் போய் இருந்து கேட்கும் போதெல்லாம் ஒரே மறுமொழி: அறிவிப்பம். பரிசளிப்பு விழாவில் பெரியவர் ஒருவர் எழும்பி, ஏன் இன்னும் சிற்றம்பலத்துக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டார். மண்டபம் நிறையச் சனம். சிற்றம்பலத்தின் தங்கையைப் பெண் எடுக்க இருந்த பகுதியும் அதற்குள் இருந்தது. தவராசா சிரித்த முகத்தோடு எழும்பிச் சொன்னது ஒரு வரிதான்.

"மாஸ்டற்றை பட்டம் இன்னும் உறுதியாகேல்லை."

அதில் பொய் எதுவும் இல்லை. பட்டம் உறுதியாகவில்லை, ஏனென்றால் இந்தியாவுக்குக் கடிதம் எழுதப்படவே இல்லை. ஆனால் அந்த ஒரு வரி மண்டபத்தை விட்டு வெளியே போகும்போதே வேறொன்றாகிவிட்டது. அடுத்த நாள் பள்ளிக்கூட மதிலில் கரியால் எழுதியிருந்தது: கள்ள பி.ஏ. தங்கை விமலேஸ்வரிக்குப் பேசிய சம்பந்தம் அந்தக் கிழமையே குழம்பியது. தமையன் கள்ளப் பட்டக்காரன் என்றால் தங்கையின் சாதகமும் கள்ளமாயிருக்கும் என்று மாப்பிள்ளையின் தாய் சந்தையில் நின்று சொன்னாளாம். விமலேஸ்வரிக்குப் பிறகு ஒன்றும் பொருந்தவில்லை. இன்றைக்கும் அவள் அந்தப் பழைய வீட்டில் தனியே இருக்கிறாள். கடைசியில் சிற்றம்பலம் தானே எழுதிப்போட்டு, இந்தியாவிலிருந்து உறுதி வந்து சேர்ந்தபோது தவராசாவின் மைத்துனன் தலைமை ஆசிரியர் கதிரையில் இருந்தான். கரியை மழை கழுவிவிட்டது. சனத்தின் வாயை எதுவும் கழுவவில்லை.

இரணைமடுவில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சிற்றம்பலம் மனைவி பத்மாசனியோடு வன்னிக்கு வந்தார். காடு வெட்டினார். மலேரியாவில் விழுந்து எழும்பினார். வயல் விளைந்தது. விவசாயச் சங்கத்தின் செயலாளராகி, பிறகு சமாதான நீதவானும் ஆனார். வருசா வருசம் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் அம்மனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். பிள்ளை வரம் கேட்கவில்லை, விளைச்சல் கேட்கவில்லை. ஒரு நகரத்தையே எரித்தவளிடம் வேறென்ன கேட்பது? தவராசா தன் வாங்கில் வந்து குந்தவேண்டும். தான் பார்க்கவேண்டும்.

நாலைந்து வருசத்துக்கு முன் தவராசாவும் மத்தியதர வகுப்புக் காணித் திட்டத்தில் நிலம் வாங்கி, நெல் ஆலையும் போட்டுக்கொண்டு கிளிநொச்சிக்கே வந்துவிட்டார். ரோட்டில் அவருடைய கார் போனால் சிற்றம்பலம் சைக்கிளை வயற்பக்கம் திருப்புவார். இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று மத்தியானம் பத்மாசனி குசினியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். சோற்றைப் போட்டுக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான். "கிளிநொச்சியிலை வேறை ஆக்களும் இருக்கினம். ஏன் உங்களிட்டை அனுப்பினவன்?"

"மறந்துபோனான். கள்ள பி.ஏ. எண்டு பேர் வைச்சது அவனுக்கு ஞாபகமில்லை." தவராசா மறந்துவிட்டார் என்பதுதான் சிற்றம்பலத்துக்கு எரிச்சலாக இருந்தது. "இல்லாட்டி அம்மன் அனுப்பியிருக்கிறா. அவவின்ரை மஞ்சள்தானே."

"அப்ப என்ன செய்யப்போறியள்?"

"ஒண்டும் செய்யப்போறதில்லை. முத்திரை தெரியேல்லை. தெரியாததைத் தெரியுது எண்டு நான் எழுதேலாது."

கலியாணம் முடித்த புதிதில் கிணற்றடியில் பத்மாசனியைப் பார்த்து, உன்ரை புருசன்ரை பட்டத்தைக் கொண்டுவா, அடுப்பு மூட்டுவம் என்று சிரித்தவர்களின் முகங்கள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தன. அவள் ஒரு மீன் துண்டை அதிகமாக வைத்தாள்.

அடுத்த கிழமை அருந்ததி வந்தாள். சிற்றம்பலம் எருதுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் போட்டார். தொட்டியைக் கழுவினார். அவள் வாங்கில் இருந்தபடி இருந்தாள். கடைசியில் கால் கழுவிக்கொண்டு வந்தவரிடம் அவள் கெஞ்சவில்லை.

"ஐயா, இது மெய்யான பட்டம் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"மெய்யோ பொய்யோ எண்டதில்லைப் பிள்ளை கேள்வி. முத்திரை உறுதியாகேல்லை."

சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் தன்னுடைய முப்பது வயது முகம் தெரியும் என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் தெரியவில்லை. அவள் கோபமாக இருந்தாள், அவ்வளவுதான். அது அவருக்குக் கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. பிள்ளை வந்து என்ன? தகப்பன் வரவேண்டும்.

"அப்பாவை வரச் சொல்லும். அவரோடை கதைச்சால்தான் இது முடியும்."

தவராசா வந்தார். மூன்றாம் நாள் காலையிலேயே கார் படலைக்குள் வந்தது. சாரதி ஒரு பெரிய கதலி வாழைக்குலையை இறக்கி விறாந்தையில் சாத்தினான். தவராசாவுக்குத் தொப்பை விழுந்திருந்தது, தலை நரைத்திருந்தது. பழைய சிரிப்பில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. சிற்றம்பலம் இரு என்று சொல்லுமுன் அவரே போய் வாங்கில் சாய்ந்து இருந்து, சால்வையால் விசுக்கிக்கொண்டார். வருசா வருசம் அம்மனிடம் கேட்ட காட்சி அது. தவராசா தன் வீட்டு மாமரத்தடியில் இருப்பதைப்போல் வலு சுகமாக இருந்தார்.

"மாஸ்டர், உமக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான்."

சிற்றம்பலத்துக்கு விளங்கவில்லை. எதற்கு நன்றி என்று கேட்டார்.

"நீர் மறிச்சு வைச்சிருக்கிறதுக்குத்தான்." தவராசா குரலைத் தாழ்த்தினார், பங்காளியிடம் பேசுகிற மாதிரி. மகளுக்குக் கோட்டில் வழக்குப் பார்க்கும் ஒரு புறக்டரின் மகனை ஒழுங்கு செய்திருக்கிறார். ஆவணியில் கலியாணம். படித்த பெண் வேண்டுமென்று கேட்டார்கள், அதற்காகத்தான் இந்தியாவுக்கு அனுப்பிப் படிப்பித்தது. பட்டத்தைச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டத்தான், இங்கிலாந்துக்குக் கொண்டு ஓட அல்ல. நேரே மாட்டேன் என்றால் பெட்டை தாயின் தமக்கையிடம் கொழும்புக்கு ஓடிவிடும். அங்கே எத்தனையோ சமாதான நீதவான்மார். அதனால் போ, போய்க் கையெழுத்து வாங்கு என்று தானே அனுப்பினார்.

"வேறை ஆரிட்டை விட்டாலும் மஞ்சளைக் கிஞ்சளைப் பாக்காமல் குத்திக் குடுத்திருப்பாங்கள். நான் யோசிச்சனான். எனக்கு என்ரை பிள்ளையின்ரை காரியம் நடக்கவேணும். ஆர் என்னிலை இவ்வளவு கறள் வைச்சிருக்கிறது எண்டு யோசிச்சனான். உம்மட்டை அனுப்பினா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும் மாஸ்டர்."

சிற்றம்பலம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப உங்களுக்கு ஞாபகம் இருக்கு."

"இல்லாமலோ? மைத்துனனுக்காகச் செய்தது. அது அலுவல்தானே, மனசிலை வைச்சிருக்கக் கூடாது." தவராசா எழும்பினார். "பத்திரம் உம்மடை அலுமாரியிலேயே கிடக்கட்டும். வீட்டிலை வைச்சா அவள் எடுத்துக்கொண்டு போயிடுவாள். உம்மடையிலை எண்டால் பத்திரம். ஆவணி கழியக் குடுத்தாப் போதும். அவள் வந்து கேட்டா நீர் உந்தக் கதையையே சொல்லும், அவளும் அலுத்துப்போய் விட்டிடுவாள்."

கார் போன புழுதி அடங்கும்வரை சிற்றம்பலம் அந்தத் தூணடியிலேயே நின்றார். அவருக்கு இப்போது விளங்கிய அளவில், இந்தப் பத்து நாளும் அவர் பழி வாங்கவில்லை. தவராசாவுக்கு வேலை செய்திருக்கிறார். சம்பளம் ஒரு வாழைக்குலை. அன்று தவராசாவின் மேசை லாச்சிக்குள் தன் பட்டம் பூட்டிக் கிடந்தது. இன்று தன்னுடைய அலுமாரியே தவராசாவின் லாச்சியாகிவிட்டது. வேலைக்காரனுக்கு உத்தரவு சொல்வதுபோல் ஆவணி கழிய என்று நாளும் குறித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

உள்ளே நின்ற பத்மாசனி வெளியே வந்தாள். வாழைக்குலையைத் தூக்கமாட்டாமல் இழுத்துக்கொண்டு போனாள். மாட்டுத் தொட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டது. திரும்பி வந்தவளின் மூச்சு இரைத்தது.

"இஞ்சருங்கோ, மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. பூப்புனித நீராட்டுக்குக் கட்டின சீலையைக் கொடியிலை போட்டா எத்தினை நாளைக்கு மஞ்சள் நிக்குது? வீட்டுக்கு வீடு தெரிஞ்ச விசயம். உங்களுக்கும் தெரியும்."

அவருக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். தண்ணி படக்கூடாது, சுரண்டக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னவர் வெயிலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

"பிள்ளை எப்ப வரும்?" என்று கேட்டார்.

"வரும். தேப்பனே காரிலை அனுப்புவான். நீங்கள் இல்லையெண்டு சொல்லுறதைக் கேட்டு அலுத்துப்போக வேணுமெல்லோ."

அப்படியே நடந்தது. அருந்ததி வந்தபோது வாங்கில் இருக்கச் சொல்லாமல் உள்ளே கூப்பிட்டு, தகப்பன் வந்து சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னார். அவள் அழுவாள் என்று பத்மாசனி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவள் அழவில்லை. புறக்டரின் மகனா என்று மட்டும் கேட்டாள். பிறகு, வெயிலைப் பற்றித் தானும் யோசித்ததாகவும், மை வெளிறிவிடும் என்று பயந்ததாகவும் சொன்னாள். கொஞ்ச நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இலைகளை அமத்தி உலர்த்துகிற தன்னுடைய பெட்டியில் கறுப்புத் தாள் இருக்கிறது, எழுத்துகளையும் கையெழுத்தையும் அதனால் மூடி மஞ்சள் உள்ள இடத்தை மட்டும் திறந்துவிடலாம் என்றாள். அடுத்த முறை வரும்போது கைப்பைக்குள் அதை மடித்துக் கொண்டுவந்தாள்.

காய்ந்த மஞ்சள் தூளை முதலில் கோழியிறகால் மெதுவாகத் தட்டி எடுத்தார்கள். பள்ளங்களில் கறை மட்டும் நின்றது. இனி மேலே போட ஒரு கண்ணாடி வேண்டும். இந்தக் காற்றில் தாளை அப்படியே வெளியே வைக்க முடியாது. சிற்றம்பலம் அறைக்குள் போய், பத்மாசனி வீம்புக்காகச் சட்டம் போட்டு மாட்டியிருந்த தன்னுடைய பி.ஏ. பட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். பின்பக்க ஆணிகளைக் குறட்டால் கழற்றினார். தன்னுடையதை எடுத்துப் பாயின் கீழ் வைத்துவிட்டு, அவளுடையதை உள்ளே வைத்துக் கண்ணாடியைப் போட்டார்.

நெற்சூடு மிதிக்கிற களத்தில், நிழல் விழாத இடமாகப் பார்த்து வைத்து, நாலு பக்கமும் கல்லும் வைத்தார்கள். கோழிகளை எட்டிப் போகச் செய்ய பத்மாசனி ஒரு தடியோடு அங்கேயே குந்தியிருந்தாள். வெயில் ஏற ஏறச் சிற்றம்பலம் சட்டத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். வயலுக்குப் போகவில்லை. தண்ணீர் முறை வந்து போனது. பக்கத்து வயற்காரன் வந்து கூப்பிட்டும் அவர் அசையவில்லை.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் விளிம்பு வெளுத்தது. பிறகு ஒரு பின்னேரம், சாய்ந்த வெயிலில், வட்டத்தின் ஓரத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழலோடு எழும்பின. நடுவில் ஒரு விளக்கின் உருவம். மறைந்திருந்த கையெழுத்தின் வாலும் வெளியே வந்தது. சிற்றம்பலம் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். மஞ்சள் முழுக்கப் போகவில்லை. நாளாகிப்போன வேட்டி மாதிரி ஒரு பழுப்பு நின்றது. ஆனால் எழுத்தில் ஒன்றுகூட மறைவில்லை.

யூலை நடுப்பகுதியில் அருந்ததி திரும்ப வந்தாள். கார் வெளியில் நின்றது. சாரதி சுருட்டுப் பற்றிக்கொண்டு, இன்றைக்கும் இல்லையென்றுதான் சொல்லி அனுப்புவார் என்று எண்ணிச் சாய்ந்திருந்தான். உள்ளே சிற்றம்பலம் விவசாயச் சங்கத்தின் தட்டச்சு இயந்திரத்தில் அடித்த பிரதியை மேசையில் விரித்தார். அவர் எப்போதும் செய்கிற மாதிரியே செய்தார். அவள் மூலத்தை ஒவ்வொரு சொல்லாக உரத்து வாசிக்க, அவர் பிரதியில் பென்சில் முனையை நகர்த்திக்கொண்டு போனார். முடிந்ததும் இருவரும் தாளை மாற்றிக்கொண்டார்கள். இப்போது அவர் வாசித்தார், அவள் பார்த்தாள். அவளுடைய பெயர் வந்த இடத்தில், தவராசா என்ற சொல்லையும் சேர்த்து, குரல் மாறாமல் வாசித்தார்.

பிறகு பேனையை எடுத்துக் கேட்டபடியே எழுதினார். மூலத்தோடு ஒப்பிட்டேன். முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. எதுவும் மாற்றப்படவில்லை. மூலைகளிலும் முத்திரையிலும் உள்ள மங்கிய நிறம் எமது சமய வழக்கப்படி வைத்த மஞ்சள். கையெழுத்து வைத்து முத்திரை குத்தினார்.

அருந்ததி அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்கள் எனக்காகச் செய்யேல்லை எண்டு தெரியும் ஐயா."

"ஓம் பிள்ளை. உமக்காக இல்லை."

"பரவாயில்லை." அவள் பட்டத்தை உறைக்குள் வைத்துச் சீலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டாள். "மறுமொழியை உங்கடை விலாசத்துக்குப் போடச் சொல்லி எழுதியிருக்கிறன். காருக்குப் போகேக்கை நான் அழுதுகொண்டு போறன். சாரதி அப்பாவுக்குச் சொல்லுவான்."

பத்மாசனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். அருந்ததி உண்மையாகவே கண்ணைக் கசக்கிக்கொண்டு படலையைத் தாண்டினாள். கார் போனதும் சிற்றம்பலம் சைக்கிளை எடுத்தார். எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு போய்த் தபால் கந்தோரில் பிரதியைப் பதிவுத் தபாலாக, ஆகாய மார்க்கமாக அனுப்பி, பற்றுச்சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஆவணி பிறந்த கையோடு மறுமொழி வந்தது. இந்தியாவிலிருந்தும் உறுதி கிடைத்துவிட்டதாம். உடனே புறப்படவும் என்றிருந்தது. தவராசா வீட்டில் அப்போது பந்தல் மரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டம் சிற்றம்பலத்தின் அலுமாரியில்தான் கிடக்கிறதென்று நம்பித் தகப்பன் கூறைச் சேலை பார்க்கவென்று கொழும்புக்குப் பெரியதாயிடம் அனுப்பிய அருந்ததி திரும்பி வரவில்லை. கப்பல் போய் மூன்றாம் நாள் தகப்பனுக்கு ஒரு தந்தி வந்தது. அதில் என்ன இருந்ததென்று தவராசா ஒருவருக்கும் சொல்லவில்லை. புறக்டர் பகுதி கலியாணச் சீட்டு அடித்து ஊரெல்லாம் கொடுத்து முடித்திருந்தார்கள். பட்டம் பெற்ற மருமகள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது சந்தையில் அதே வீடுகளின் சனம், தவராசாவின் பெட்டை யாரோடோ ஓடிவிட்டது, பட்டமும் கள்ளமாம் என்று கதைத்துக்கொண்டிருந்தது. பட்டம் கள்ளம் என்ற பேச்சை யார் கிளப்பியது என்று தெரியாது. பத்மாசனி அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தவள், அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

தவராசா நடந்து வந்தார். கார் வரவில்லை, ஆலையிலிருந்து வாய்க்கால் கரையால் வெயிலில் நடந்து வந்திருக்கிறார். சால்வை தோளில் இல்லை. விறாந்தை விளிம்பில் நின்று, இருக்கலாமா என்று கேட்பதுபோல் பார்த்தார். சிற்றம்பலம் வாங்கைக் கையால் காட்டினார். அவர் அதன் ஓரத்தில் இருந்தார்.

"என்ன வேலை மாஸ்டர் செய்து வைச்சிருக்கிறீர்?"

"சரிபாக்கச் சொல்லி அனுப்பினனீங்கள். சரிபாத்தனான்."

"உமக்கு என்னிலை கோவம். அதுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளையையோ பழிவாங்கிறது?"

"பிள்ளையை இல்லை."

தவராசா சொல்ல வந்ததைச் சொன்னார். சிற்றம்பலம் ஒரு கடிதம் எழுதவேண்டும். முத்திரை வடிவாகத் தெரியவில்லை, அவசரத்தில் ஒப்பம் வைத்துவிட்டேன் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி. கப்பல் போய்ச் சேருமுன் அது போய்விட்டால் அவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தான் போய்க் கூட்டி வருவார். கலியாணத்தை ஐப்பசிக்குத் தள்ளிவைக்கலாம். ஊர் வாயையும் மூடலாம்.

"நீங்கள் எழுதினாத்தான் அவங்கள் நம்புவாங்கள், ஐயா."

ஐயா என்று சொன்னதைச் சிற்றம்பலம் கேட்டார். நன்றாகக் கேட்டார். உள்ளே பத்மாசனியின் அகப்பைச் சத்தமும் நின்றுபோனது.

"இருங்கோ," என்றார் சிற்றம்பலம். "பாக்கவேணும்."

"எப்ப சொல்லுவியள்?"

"அறிவிப்பம்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். பத்மாசனி பலகையைப் போட்டுக் கோப்பையை வைத்தாள். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, குளத்து மீன் பொரியல். இருவரும் சாப்பிட்டார்கள். யன்னலால் பார்த்தால் வாங்கில் தவராசாவின் முதுகு தெரிந்தது. சோழகம் புழுதியைக் கொண்டுவந்து அந்த முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தட்டிவிடவில்லை.

சுவரில் பட்டம் பழையபடி தன் சட்டத்துக்குள் திரும்பியிருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் களத்து மண் ஒட்டியிருந்தது, பத்மாசனி துடைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் வையும்," என்றார் சிற்றம்பலம்.